மாமாவுக்கு அளந்த வாட்ச்

கட்டுச்சோறு விருந்தன்று, பந்தியில் இலை விரித்திருக்கும்போது பட்டுச்சேலையோடு ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனவள் என்று எங்கள் சொந்தபந்தத்தில் ஒருத்தி பேர் வாங்கியிருக்கிறாள். அது நான்தான். போன மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில்கூட, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நன்றாகவே கேட்டது. ஓடிப்போனது உண்மை. ஏன் ஓடினேன் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு, தேவைப்படுகிற அன்றைக்கு ஓர் ஆட்டோ பிடித்தால் எனக்கு அது போதும்.

என் பெயர் பூங்கொடி. பிறந்தது மடத்துக்குளம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாலேயே திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான், கம்பெனி மட்டும் என் வீட்டுக்காரர் செல்வராஜின் அண்ணனுடையது. தைத்து வருகிற பீஸை விரித்துப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, மார்பளவு சரியா, உயரம் சரியா என்று பார்த்துத் தள்ள வேண்டும். மற்றவர்கள் வேலையை முடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். செக்கிங்கில் இருப்பவளுக்கு ‘இது ஆகாது’ என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டிலும் என் வாயை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு பீஸைப் பார்த்து ஓகே சொல்லி சீல் போட்டுக் கொடுப்பார். அதைச் செக்கிங் மேஜைக்கு மேல் மாட்டிவைத்து, வருகிற பீஸையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பாஸ் பண்ணுவோம். ஒருமுறை வேறொரு பார்ட்டியின் சாம்பிளை மாட்டிவிட்டார்கள். அதே நிறம், அதே கழுத்து, மார்பளவு மட்டும் வேறு. அன்று முழுக்க எல்லாப் பீஸும் ஜோராக பாஸ் ஆனது. பெட்டி கட்டும்போதுதான் விஷயம் தெரிந்து எல்லோரும் தலையில் கை வைத்தோம். சாம்பிளில் தப்பில்லை, பீஸிலும் தப்பில்லை. இதை அதோடு வைத்துப் பார்த்ததுதான் தப்பு.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் எனக்குப் பிள்ளை தங்கவில்லை. போகாத கோயில் இல்லை, கேட்காத பேச்சும் இல்லை. அப்படியிருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக மாசமானேன். என் மாமியார் என்னைத் தரையில் நடக்கவிடவில்லை. மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் நாச்சிமுத்து, செக்கிங் மேஜை பக்கத்தில் எனக்கென்று தனியாக ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் வீட்டிலும் கம்பெனியிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் உள்ளே வந்தால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். அவர் கேட்டு நாங்கள் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் சொல்வார், நாங்கள் செய்வோம், அவ்வளவுதான்.

மாமாவிடம் ஒரு வாட்ச் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பையர் ஒருவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போன சந்தோஷத்தில் கொடுத்துவிட்டுப் போனது. கையில் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற இடத்தில் விரலை வைத்துச் சற்றுப் பேசாமல் இருந்தால், ரத்த அழுத்தம் இவ்வளவு என்று எண் காட்டும். மேல்கையில் சுற்றுகிற பட்டை இல்லை, காற்றடிப்பது இல்லை, ஸ்டெத் இல்லை. திருப்பூரில் அப்போது யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. காலையில் மாமா கம்பெனிக்கு வந்ததும் முதலில் தனக்குப் பார்த்துக்கொள்வார். பிறகு கட்டிங் மாஸ்டர், டைலர்கள், பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் என்று ஆள் ஆளாகக் கை நீட்டுவார்கள். எல்லோருக்கும் நூற்றிருபது பக்கத்தில்தான் வரும். “நம்ம கம்பெனியில ஒருத்தருக்குக்கூட பிரஷர் இல்லீங்க” என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறதே என்று செக்கிங் பார்க்கிற எனக்குக்கூடத் தோன்றவில்லை.

மாதாமாதம் செக்கப்புக்கு ஒரு நர்ஸிங்ஹோம் டாக்டரம்மாவிடம் போவேன். அங்கே பழைய பாதரசப் பெட்டிதான். மேல்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் தடித்த கை, நன்றாக வலிக்கும். வாட்ச் வலிக்காது. ஆரம்பத்தில் எனக்கும் வாட்ச்தான் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏழாம் மாதத்தில் டாக்டரம்மாவின் பெட்டி நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு என்றது. உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமா என் கையில் வாட்சைக் கட்டிப் பார்த்தார். நூற்றிருபத்திரண்டுக்கு எண்பது. வீடே சிரித்தது.

“அந்தப் பட்டையைப் போட்டு அந்த நெரி நெரிச்சா, இல்லாத பிரஷரும் வரத்தானுங்க செய்யும்” என்றார் மாமியார்.

“டாக்டரம்மா ஆஸ்பத்திரியில பெட்டு காலியா கெடக்குதாட்ட இருக்குது” என்றார் மாமா. “மாத்திரையெல்லாம் வேண்டாம் அம்மிணி. நல்லா இருக்கறவங்களுக்கு மாத்திரை குடுத்தாத்தான் சீக்கு வரும்.”

நான் மாத்திரையை விடவில்லை. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் ஒளித்துவைத்து வேளாவேளைக்குப் போட்டுக்கொண்டேன். அது வலிக்கிற பட்டை என்றாலும் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வாட்ச் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எட்டாம் மாதக் கடைசியில் கால் வீங்கி மெட்டி இறுகிவிட்டது, சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். தலைவலி ஆரம்பித்தது. கம்பெனியில் எந்நேரமும் பஞ்சுத்தூசி பறக்கும், கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக மிதந்துகொண்டே இருக்கும். அதற்குப் பழகிய கண்தான் எனது. ஒருநாள் வீட்டில், கதவைச் சாத்தி சாமி கும்பிடும்போதும் அதே மாதிரி பஞ்சு மிதந்தது. பூஜை அறையில் ஏது பஞ்சு? கையை வீசி விலக்கினேன், விலகவில்லை. கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளும் பறந்தது.

டாக்டரம்மாவிடம் போனேன். பாதரசம் நூற்றைம்பத்தாறுக்கு நூற்று நான்கு. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார்கள், பால் திரிவது மாதிரி வெள்ளையாகத் திரிந்தது. உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரில் போகிறது என்று அர்த்தமாம்.

“இன்னைக்கே சேர்ந்துடும்மா” என்றார் டாக்டரம்மா. “இது கர்ப்பத்துல வர்ற பிரஷர். இன்னும் ஏறினா வலிப்பு வரும். வலிப்பு வந்தா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.”

வீட்டில் வந்து சொன்னேன். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போக வரும் தாய்வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு வந்து, சொந்தமெல்லாம் கூடி அவளை மணையில் உட்கார வைத்து வளையல் போட்டு விருந்து வைப்பார்கள். ஏழெட்டு வருஷம் காத்திருந்த வீட்டில் அந்த விருந்து என்றால் சும்மாவா? சொல்லாத சொந்தம் இல்லை. மாமா என் கையில் வாட்சைக் கட்டிப் பார்த்தார், நூற்றிருபத்து நான்கு. “விருந்தை முடிச்சுட்டு திங்கக்கெழம போலாம், ஒண்ணும் ஆவாது” என்று முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோதே நெஞ்சுக்குழியில் ஒரு வலி, வலதுபக்கம் விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. தலை பிளந்தது. ஆனாலும் தலை நிறையப் பூ வைத்து, பட்டுச்சேலை கட்டி, கன்னத்தில் சந்தனம் பூசி மணையில் உட்கார வைத்தார்கள். மடத்துக்குளத்திலிருந்து என் அம்மா தூக்குப்போசிகளோடு வந்து இறங்கினார். என் கையைப் பிடித்து வளையல் போடப் போனவர், வீங்கியிருந்த விரல்களைப் பார்த்துவிட்டு நின்றார். சம்பந்தி வீட்டில் அவர் என்ன சொல்லிவிட முடியும்?

பந்தலில் இருந்த முகங்களுக்கு மேலெல்லாம் பஞ்சு பறந்தது. ஒரு கட்டத்தில் என் அம்மாவின் முகத்தில் பாதி எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

“ஏனம்மிணி, எங்க எந்திரிக்கற?” என்றார் மாமியார்.

“ஆஸ்பத்திரிக்குங்க அத்தை. முடியலீங்க.”

மாமா வந்தார். எல்லோருக்கும் முன்னால் என் கையில் வாட்சைக் கட்டி விரலை வைக்கச் சொன்னார். கூட்டமே எட்டிப்பார்த்தது. நூற்றிருபதுக்கு எழுபத்தெட்டு.

“பாரு சாமி, எனக்குக்கூட இதைவிட எச்சா காட்டும்” என்றார். “ஒரம்பரை சனமெல்லாம் வந்திருக்குது. எல போட்டாச்சு. பயம்தான் உனக்கு, வேற ஒண்ணுமில்ல.”

“வாட்சுக்கு ஒண்ணும் இல்லீங்க மாமா. எனக்குத்தான் முடியல” என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் வாக்கியம் அது. பின்னால் யாரோ “அடேங்கப்பா” என்றது காதில் விழுந்தது. நான் வாட்சைக் கழற்றி மணையில் வைத்துவிட்டுத் தெருவுக்கு நடந்தேன். போகிற ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டேன். கையில் பை இல்லை, பணம் இல்லை, கை நிறைய வளையல் மட்டும் இருந்தது. அம்மா ஓடிவந்து பக்கத்தில் ஏறினார். செல்வராஜ், அதுவரை அண்ணனுக்குப் பின்னால் நின்றவர், மணையில் கிடந்த வாட்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் எங்கள் பின்னாலேயே வந்தார். ஏன் அந்த வாட்சை எடுத்தீர்கள் என்று இன்றைக்குவரை கேட்கிறேன், அவருக்கே தெரியவில்லை.

நர்ஸிங்ஹோமில் ஜெயமேரி என்று ஒரு சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பட்டையை அவிழ்த்துவிட்டு, அகலமான வேறொரு பட்டையைக் கொண்டுவந்து சுற்றி மறுபடி பார்த்தார்.

“தடிச்ச கைக்குச் சின்னப் பட்டை போட்டா கூடுதலா காட்டும்க்கா. அதான் மாத்திப் பார்த்தேன்” என்றார். “ரெண்டுலயும் அதேதான் காட்டுது. பேசாம படுங்க, அசையாதிய.” பிறகு கதவுப் பக்கம் திரும்பி டாக்டரம்மாவைக் கூப்பிட்ட குரலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நூற்றெண்பத்தாறுக்கு நூற்றிருபது.

என்னை ஓர் இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலுக்கெல்லாம் போர்வை போட்டிருந்தது. வெளிச்சமும் சத்தமும் வலிப்பைத் தூண்டிவிடுமாம், அதனால் அங்கே எல்லோரும் கிசுகிசு என்றுதான் பேசினார்கள். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி, இடுப்பில் ஆழமாகக் குத்துவார்கள். அந்த வலியை நான் மறக்கவே மாட்டேன், காய்ச்சிய இரும்பை உள்ளே வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் ஜெயமேரி ஒரு சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டுவார். கால் துள்ளினால் ஊசி. துள்ளாவிட்டால் மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டது, நிறுத்த வேண்டும். எத்தனை தடவை மூச்சு விடுகிறேன் என்று எண்ணுவார், சிறுநீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பையைத் தூக்கிப் பார்ப்பார். என் கால் துள்ளாமல் போகக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். துரோகிக் கால், ஒவ்வொரு தடவையும் துள்ளியது.

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. என்னைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை. உள்ளே அது அசைகிறதா என்று கை வைத்துக்கொண்டே கிடந்தேன். அசைந்தால் அழுகை வந்தது. அசையாவிட்டால் அழக்கூடப் பயமாக இருந்தது.

செல்வராஜ் கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து எனக்கு விசிறிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா வந்து நின்றபோது அவர் சட்டைப்பையிலிருந்து அந்த வாட்சை எடுத்து, “இதுல நார்மல்னுதானுங்க காட்டுச்சு. எப்படிங்க?” என்று கேட்டார். கோபமாக இல்லை, பாவமாகத்தான் கேட்டார்.

டாக்டரம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கிசுகிசுக் குரலிலேயே அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் கையில் ஓடுகிற ரத்தக்குழாய் நசுங்கி ஓட்டம் நின்றுவிடும். காற்றை மெல்ல மெல்ல விட்டால், ஒரு கட்டத்தில் ரத்தம் முட்டிக்கொண்டு உள்ளே புகும், அப்போது முழங்கை மடிப்பில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். முதல் சத்தத்தில் பாதரசம் நிற்கிற இடம் மேல் எண், சத்தம் அடங்குகிற இடம் கீழ் எண். பட்டை வலிக்கிறது என்றால், அது உள்ளே இருக்கிற அழுத்தத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கிறது என்று அர்த்தம். வாட்ச் அப்படி இல்லை. அழுத்தத்தை அது தொடுவதே கிடையாது. இதயம் துடித்தபின் அந்தத் துடிப்பு விரல் நுனிக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. அழுத்தம் கூடினால் சீக்கிரம் வரும், குறைந்தால் தாமதமாக வரும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் வந்தால் எந்த எண் என்பது அதற்கே தெரியாது. முதலில் பட்டையில் பார்த்த எண்ணை அதில் பதிந்துவைக்க வேண்டும். அங்கிருந்துதான் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்குப் போடும்.

“யாருக்குப் பட்டையில பார்த்து இதுல பதிஞ்சீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“அண்ணனுக்குங்க. வாங்குன புதுசுல.”

“அப்ப இது உங்க அண்ணனுக்குத்தான் பேசும். அவருக்கும் கொஞ்ச காலத்துக்குத்தான், அப்பப்ப புதுசா பார்த்துப் பதியணும். வேற யார் கையில கட்டினாலும் அவர் நம்பரை ஒட்டித்தான் ஏதோ காட்டும்.”

சொல்லிவிட்டுத் தன் கையிலேயே கட்டிப் பார்த்தார். நூற்றிருபத்தாறு. ஜெயமேரி பட்டையில் பார்த்தார், டாக்டரம்மாவுக்கு நூற்று நான்குதான். என்னை இறக்கிக் காட்டிய வாட்ச் அவரை ஏற்றிக் காட்டியது. எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய் மாமா பக்கத்தில் நிறுத்தியது.

ஊசி மயக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, சாம்பிளை மாத்தி மாட்டிட்டீங்க” என்றேன் வீட்டுக்காரரிடம். “மாமா சாம்பிளை வெச்சு என்னை பாஸ் பண்ணிட்டீங்க.” அவர் விசிறுவதை நிறுத்திவிட்டார். செக்கிங் மேஜையில் அந்தக் கூத்து நடந்த அன்று பெட்டிகளைப் பிரித்தவர் அவர். ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லாமல் அவருக்குப் புரிந்தது.

“அந்தச் சவத்து வாட்சைத் தூக்கி அங்கிட்டு வைங்க சார்” என்றார் ஜெயமேரி. “அக்காவப் பேச வைக்காதிய.”

மருந்தில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. இதற்கு ஒரே வைத்தியம் பிள்ளையை வெளியே எடுப்பதுதான் என்றார் டாக்டரம்மா. கதவுக்கு வெளியே மாமியாரின் குரல் கேட்டது. “மாசம் நெறையாம எடுத்தா புள்ள தங்குமாங்க?” டாக்டரம்மா என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் காகிதம் வந்தது. செல்வராஜ் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு…” என்றார்.

“ஆப்பரேஷன் மாமாவுக்குங்களா?” என்றேன்.

பேனாவை வாங்கி நானே முதலில் போட்டேன். வீங்கிய விரலில் பேனா நிற்கவில்லை, எழுத்து கோணல்மாணலாக வந்தது. அதைப் பார்த்தபின் அவர் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. பிறந்ததும் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஜெயமேரி முதுகைத் தேய்த்துத் தேய்த்து, அது ஒருவழியாகப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டதாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அழுத்தம் உடனே இறங்கவில்லை, ஊசியும் சுத்தியலும் தொடர்ந்தன. பிள்ளையை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பின்னாலும் வலிப்பு வரலாமாம், யாரும் முதலிலேயே சொல்லவில்லை.

மாமியார் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். விருந்தைப் பாதியில் விட்டுவந்தவள் ஆயிற்றே. வந்தார். ஒரு போசியில் அரிசிக்கஞ்சி, உப்பில்லாமல். கூடவே ஒரு துணிப்பையில் என் ரவிக்கைகள். எல்லாவற்றிலும் கைப்பக்கத் தையலைத் தோள்வரை பிரித்து, முடிச்சுப் போட நாடா வைத்துத் தைத்திருந்தார். “பட்டை சுத்தறதுக்கு ஒவ்வொருக்காவும் கையை இழுத்து இழுத்து மேல ஏத்தறாங்கன்னு செல்வராசு சொன்னான்” என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. அதுவரை நான் அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் நிறைய இருந்தன. கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒன்றையும் கேட்காமல் விட்டேன். என் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கஞ்சி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

எழுந்து நடக்க விட்டதும் முதலில் கண்ணாடிப் பெட்டியிடம் போனேன். ஜெயமேரி குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிள் இருக்கிறதே, அவ்வளவு அகலம்தான். என் மகளின் கையே அவ்வளவுதான் இருந்தது. அது அந்தச் சின்னக் கையை நெரித்ததும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கத்தினாள் பாருங்கள், வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டுப் பெண் சும்மா இருப்பாளா? “கத்துடி கண்ணு, நல்லாக் கத்து” என்றேன். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றுதான் மாமா வந்தார். அதுவரை பில் கட்ட ஆளை அனுப்பினார், கார் அனுப்பினார், தான் வரவில்லை. வெள்ளைச் சட்டையில், சிவந்த முகத்தோடு, கம்பெனியில் தைத்த குழந்தை பனியன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இருக்கிறதிலேயே சின்ன சைஸாகப் பார்த்துத்தான் எடுத்துவந்திருக்கிறார். அப்படியும் அதில் என் மகளைப் போல் மூன்று பேர் படுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் அந்த வாட்ச். தம்பியிடமிருந்து திரும்ப வாங்கிக் கட்டியிருந்தார்.

அவர் வந்தால் எழுந்து நிற்பது வழக்கம் என்று சொன்னேன் அல்லவா? நான் எழவில்லை. தையல் இழுத்தது என்பது ஒரு காரணம்தான். அவரும் அதைக் கவனித்தார்.

“தம்பி என்னமோ சொன்னான், வாட்சுல கோளாறுன்னு” என்றார். “கோளாறெல்லாம் இல்ல அம்மிணி. காத்தால எனக்குப் பார்த்தேன், நூத்தியிருபத்திநாலு. கரெக்டாத்தான் காட்டுது.”

“உக்காருங்க மாமா” என்றேன்.

கட்டில் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கறேன்.”

“நானும் மணையில நல்லாத்தான் இருந்தேனுங்க. நீங்கதான் எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. உக்காருங்க மாமா.”

உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பார்த்து முடித்திருந்த ஜெயமேரி, பாதரசப் பெட்டியை அவர் பக்கம் திருப்பிவைத்துப் பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது. மாமாவின் முகம் சுருங்கியது, வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம். பாதரசம் மெல்ல இறங்கியது. ஜெயமேரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஏற்கெனவே தெரிந்த பார்வை.

“நூத்தி எழுபத்திரெண்டுக்கு நூத்தி எட்டு” என்றார்.

மாமா வாட்சைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். “வாட்சுல நூத்தியிருபத்திநாலுதானே…” என்று இழுத்தார்.

“அது பொய் சொல்லலீங்க மாமா. ரெண்டு வருசத்துக்கு முன்னால இருந்த உங்களைச் சொல்லுது. மாட்டி வெச்ச சாம்பிள்தான். ஆளு மாறிட்டீங்க.”

பக்கத்தில் என் மகள் தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள். மாமா மெதுவாக வாட்சைக் கழற்றி, கட்டில்மேல் அந்தப் பெரிய பனியனுக்குப் பக்கத்தில் வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஷிப்மெண்ட் ஷிப்மெண்ட் என்று அவர் தூங்காத இரவுகள் எல்லோருக்கும் தெரியும், அவர் முகம் இப்படிச் சிவந்து கிடப்பதை நாங்கள் நிறம் என்றே நினைத்திருந்தோம். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் இவரும் தன்னைத்தானே பாஸ் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் இந்த மனுஷர் எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

“இப்ப நான் என்ன பண்ணோணும் அம்மிணி?” என்றார்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“காலைத் தொங்கப்போட்டு, பேசாம உக்காருங்க. சித்த நேரம் கழிச்சு மறுபடி பார்க்கோணும்” என்றேன். “சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க மாமா.”

ஏற்றினார்.